ஊழியத் தொடர்புகளும் கனம்பண்ணுதலும்: சிங்கப்பூர்த் தமிழ்ச் சபையார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்ச் சபை ஒன்றின் வரவேற்புக் குழுவில் 16 ஆண்டுகளாக இருக்கிறேன். வாசலில் நின்று கைகுலுக்குவதில் தொடங்கிய பணி இது. பிறகு பிற சபைகளோடு பேசுவது, பேச்சாளர்களை அழைப்பது, ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு அறை தேடிக் கொடுப்பது என்று விரிந்துவிட்டது. இளையர்களும் புதிதாகப் பொறுப்பேற்றவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் தொடர்பான பதில்களைப் படித்துவிட்டு, விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அமைப்பின் இணையத்தளத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க்கிங் என்ற சொல்லிலேயே வியாபார வாடை அடிக்கிறது. ஊழியத்துக்கு அது தேவையா?

சொல் புதியது, காரியம் பழையது. அப்போஸ்தலர் பவுல் ரோமாபுரிச் சபையாருக்கு எழுதிய ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். உபதேசம் முடிந்துவிட்டது, இனிப் பெயர்ப் பட்டியல்தானே என்று பலரும் தாண்டிப் போகிற அதிகாரம் அது. பவுல் அதுவரை ரோமாபுரிக்குப் போனதே இல்லை. போகாத ஊரில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பெயரோடு நிறுத்தவும் இல்லை. பலருக்கு அவர்கள் செய்ததையும் சேர்த்துச் சொல்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள். பெர்சியாள் மிகவும் பிரயாசப்பட்டவள். ரூப்பின் தாய் தனக்கும் தாய். பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியுவுக்குக்கூடத் தன் வாழ்த்தைச் சொல்லிக்கொள்ள ஒரு வரி கிடைத்திருக்கிறது.

வியாபாரத்தில், இவரால் நமக்கு என்ன ஆகும் என்று பார்த்துப் பழகுகிறோம். பவுலோ இவரால் சபைக்கு என்ன ஆயிற்று என்று பார்த்து, அதை ஊரறியச் சொல்கிறார். நான் ஊழியத் தொடர்பு என்று சொல்வது இதைத்தான். தொலைபேசியில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பது கணக்கில் வராது. எத்தனை பேரின் பிரயாசம் நமக்குத் தெரியும், அதை யாரிடம் எடுத்துச் சொன்னோம் என்பதே கணக்கு.

கனம்பண்ணுவது என்றால் நடைமுறையில் என்ன செய்வது?

"கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள்" என்கிறது ரோமர் 12:10. கனம்பண்ணுவது என்றால் மதிப்புக் கொடுப்பது. முந்திக்கொள்வது என்ற சொல்லைக் கவனியுங்கள். பஸ்ஸிலும் பந்தியிலும் நாம் முந்துவோம். வேதம் நம்மை முந்தச் சொல்லும் இடம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

நான் தவறியதைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். ஓர் ஈஸ்டர் காலத்தில் மூன்று சபைகள் சேர்ந்து கூட்டம் நடத்தினோம். நன்றியுரை என் பொறுப்பு. பட்டியலை ஒருவாரம் முன்பே எழுதி வைத்திருந்தேன். பேச்சாளர், போதகர்கள், இசைக் குழு, மண்டபம் தந்தவர்கள், உணவுக்கு உதவியவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை என்ற நிறைவோடு மேடையிலிருந்து இறங்கினேன். கூட்டம் கலைந்ததும் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். துவாஸ் பக்கம் ஊழியர் தங்கும் விடுதியில் இருப்பவர். வாரத்தில் அவருக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் விடியற்காலையிலேயே எழுந்து வந்து, இன்னும் ஐந்து பேரோடு முந்நூறு நாற்காலிகளைச் சுமந்து போட்டவர். "அண்ணே, நாற்காலிகளை எந்தப் பக்கம் அடுக்கணும்?" என்று கேட்டார். உள்ளங்கையின் குறுக்கே பிளாஸ்டிக் விளிம்பு அழுத்திய சிவப்புக் கோடு ஓடியது. முகத்தில் மனக்குறை எதுவும் இல்லை. என் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அந்த ஆறு பேரில் இரண்டு பேரின் பெயர் எனக்குத் தெரியவும் தெரியாது.

அன்றிலிருந்து நன்றிப் பட்டியலைக் கீழிருந்து எழுதத் தொடங்கினேன். கழிவறை கழுவியவர், பாத்திரம் தேய்த்தவர், நாற்காலி சுமந்தவர், ஒலிபெருக்கிக் கம்பியைச் சுற்றி வைத்தவர் ஆகியோரின் பெயர்கள் முதலில். பேச்சாளர் கடைசியில். பேச்சாளரை யாரும் மறக்கப்போவதில்லை.

நடைமுறை என்று கேட்டதால் இன்னும் சில. ஒருவரை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்தும்போது பதவியைச் சொல்லாமல் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி நல்லது சொல்லுங்கள். அது எப்படியும் அவர் காதுக்குப் போய்ச் சேரும், இது சின்ன ஊர். உங்களுக்கு வந்த மேடை வாய்ப்பில் ஒன்றையாவது வேறொருவருக்குக் கைமாற்றிக் கொடுங்கள். எருசலேமில் சவுலை, அதாவது பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்டவரை, நம்ப யாரும் துணியாதபோது அவரைக் கையோடு அப்போஸ்தலரிடம் அழைத்துப் போனவர் பர்னபா. பிறகு தர்சு பட்டணம் வரை தேடிப் போய் அவரை அந்தியோகியாவுக்குக் கூட்டி வந்தவரும் அவரே. தொடக்கத்தில் "பர்னபாவும் சவுலும்" என்று வரும் பெயர் வரிசை, அப்போஸ்தலர் நடபடிகளில் போகப்போகப் "பவுலும் பர்னபாவும்" என்று மாறுகிறது. பர்னபா அதற்காக முகம் வாடியதாக ஓர் எழுத்தும் இல்லை.

பொன்னாடை போர்த்துவதும் பட்டம் போட்டுப் பேனர் வைப்பதும் கனம் இல்லையா?

பொன்னாடை நம் பண்பாடு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மேடையில் பத்துப் பேருக்குப் போர்த்தி முடிக்க அரைமணி நேரம் ஆகிறது. கீழே பாலர் வகுப்புப் பிள்ளைகள் பசியோடு காத்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, ஒருவரைப் பற்றி இரண்டு உண்மையான வாக்கியங்களைச் சொல்லிக் கைகொடுத்தால் அவர் மனம் நிறையும் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பட்டங்களைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். படித்து வாங்கிய பட்டத்தைப் போடுங்கள். சபை அபிஷேகம் செய்து கொடுத்த பொறுப்பைப் போடுங்கள். அழைப்பிதழில் ஒருவர் பெயரைவிட அவரது அடைமொழி நீளமாக இருந்தால் அது முகஸ்துதி. கனம் உண்மையைச் சொல்லும், முகஸ்துதி எதையோ கேட்கும்.

யாரை எப்படி அழைப்பது? ஐயா, அண்ணன், பிரதர், பாஸ்டர் என்று குழப்பமாக இருக்கிறது.

மூத்த போதகரை "ஐயா" அல்லது "பாஸ்டர் ஐயா" என்று அழைப்பது எல்லாச் சபைகளிலும் பொருந்தும். கத்தோலிக்க குருவை "ஃபாதர்" என்பார்கள். சகவயதினரை "பிரதர்", "சிஸ்டர்" என்று அழைப்பது வழக்கம். வயதில் மூத்தவரை "அண்ணன்", "அக்கா" என்றால் இன்னும் நெருக்கம்.

கவனமாக இருக்க வேண்டிய சொல் "தம்பி". ஒரு கட்டுமான ஊழியரைப் பல மாதங்கள் "தம்பி, இங்கே வா" என்று ஒருமையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒல்லியான உடல், பணிவான பேச்சு. இளையவர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பிறகுதான் அவருக்கு என்னைவிட மூன்று வயது அதிகம் என்றும், ஊரில் கிராமச் சபை ஒன்றை எட்டு ஆண்டுகள் நடத்தியவர் என்றும் தெரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மாதம் அவரே எங்களுக்கு வேதபாடம் எடுத்தார். முதல் சந்திப்பில் எல்லோரையும் "நீங்கள்" என்று அழையுங்கள். உரிமையோடு ஒருமைக்கு இறங்கப் பிறகு நேரம் இருக்கிறது.

சிங்கப்பூரில் பிற தமிழ்ச் சபைகளோடு தொடர்பை எங்கே தொடங்குவது?

முதலில் அவர்களுடைய வரலாற்றைத் தெரிந்துகொண்டு போங்கள். அதுவே பாதி மரியாதை. ஷார்ட் ஸ்திரீட்டில் இருக்கும் தமிழ் மெதடிஸ்ட் சபை 1887இல் தொடங்கியது. ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பப்பட்டு 1888இல் நிறைவடைந்தது. இன்று அது தேசிய நினைவுச்சின்னம். டோர்செட் ரோட்டில் ஆங்கிலிக்கன் தமிழ் ஆராதனை நடக்கும் கிறைஸ்ட் சர்ச் இருக்கிறது. சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபையின் மூன்று ஆண்டு மாநாடுகளில் ஒன்று, தமிழ்ச் சபைகளுக்கான இம்மானுவேல் தமிழ் ஆண்டு மாநாடு. இவற்றைத் தவிரப் பெந்தெகொஸ்தே சபைகள், லூத்தரன் சபைகள், வாடகை மண்டபங்களில் கூடும் சின்னச் சின்ன ஐக்கியங்கள் என்று பல உண்டு.

செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் பக்கம் போனால் ஒரு நிமிடம் அந்த வெள்ளைச் சுவரைப் பாருங்கள். 1850களின் நடுவிலிருந்து 1860களின் தொடக்கம் வரை அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சுண்ணாம்புப் பூச்சு அவர்கள் கைவேலை. அவர்களுடைய பெயர்களை அங்கே வருகிற எத்தனை பேரால் சொல்ல முடியும்? எங்கள் குழுவுக்குப் புதியவர்கள் சேரும்போது அந்தச் சுவரின் முன்னால் அழைத்துப் போய் இந்தக் கேள்வியைக் கேட்பது என் வழக்கம்.

தொடர்பு கொள்ளும் முறை எளிது. மின்னஞ்சலில் கோரிக்கையோடு தொடங்காதீர்கள். ஒரு ஞாயிறு அவர்கள் ஆராதனைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். முடிந்ததும் தேநீருக்கு நில்லுங்கள், கோப்பையைக் கழுவி வைக்கவும் உதவுங்கள். உங்கள் நிகழ்ச்சியின் துண்டுப்பிரசுரத்தை அன்று பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். மூன்றாவது முறை போகும்போது அவர்களே உங்கள் சபையைப் பற்றிக் கேட்பார்கள்.

உபதேச வேறுபாடுகள் இருக்கின்றனவே. எல்லாச் சபைகளோடும் சேர்ந்து வேலை செய்ய முடியுமா?

எல்லா வேலையையும் முடியாது. ஞானஸ்நானம், திருவிருந்து, அந்நியபாஷை ஆகியவற்றில் கருத்து வேறுபாடு உண்மையானது. அதை மூடி மறைத்துக் கைகோத்தால் நாளைக்குக் கசப்பாக முடியும். ஆனால் பசித்தவருக்குச் சோறு போடவும் சிறையில் இருப்பவரைப் பார்க்கவும் ஒரே விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சாங்கிச் சிறையில் வெவ்வேறு சபைப் பிரிவுகளின் தலைவர்கள் ஒன்றாக அடைபட்டிருந்தார்கள். வெளியே இருந்தபோது தனித்தனியாக ஊழியம் செய்தவர்கள், உள்ளே ஒன்றாகப் பேசினார்கள். போதகர்களுக்கான ஒரு பொதுக் கல்லூரி வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1948இல் மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன் சபைகள் சேர்ந்து டிரினிட்டி இறையியல் கல்லூரியைத் தொடங்கின. இன்றைய சிங்கப்பூர்த் தேசிய திருச்சபை மன்றத்தின் வேரும் அதே 1948இல் உருவான மலாயா கிறிஸ்தவ மன்றத்தில் இருக்கிறது. அவர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரப் போர் தேவைப்பட்டது. நமக்கு எம்ஆர்டியில் ஐந்து நிறுத்தங்கள் போதும்.

கட்டடத்தைப் பிற மொழிச் சபையோடு பகிர்ந்துகொள்கிறோம். அடிக்கடி உரசல் வருகிறது.

இடப் பற்றாக்குறை உள்ள ஊரில் இது பலருக்கும் உள்ள சிக்கல். காலையில் ஆங்கில ஆராதனை, பிறகு மாண்டரின், பிற்பகலில் தமிழ். உரசல் பெரும்பாலும் உபதேசத்தில் வருவதில்லை. குளிர்சாதனத்தை அணைக்காததிலும், குழம்பு வாசனையிலும், இடம் மாறிய மைக்கிலும்தான் வருகிறது.

எங்களுக்குப் பலன் தந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஆராதனை முடிந்ததும் அடுத்த குழுவுக்கு எப்படி நாற்காலி வேண்டுமோ அப்படிப் போட்டுவிட்டு வரத் தொடங்கினோம். யாரும் கேட்கவில்லை. நான்கைந்து வாரங்கள் கழித்து அவர்கள் எங்களுக்காகத் தண்ணீர்ப் போத்தல்களை மேசையில் வைத்திருந்தார்கள். சீனப் புத்தாண்டுக்கு நாங்கள் ஆரஞ்சுப் பழங்களோடு போனோம். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் எங்கள் பிரியாணிக்கு வந்தார்கள். குழம்பு வாசனை பற்றிய பேச்சே அதன்பிறகு எழவில்லை.

பிற சமயத்தவரோடு உறவு வைப்பது ஊழியத்தில் சேருமா?

சேரும். ஆனால் சுவிசேஷம் சொல்வதற்கான தூண்டிலாக நட்பை வைக்காதீர்கள். நட்பு நட்பாகவே இருக்கட்டும்.

வில்லியம் ஓல்ட்ஹாம் 1885இல் மெதடிஸ்ட் ஊழியராகச் சிங்கப்பூர் வந்தார். பெங்களூரில் பிறந்தவர், நில அளவையாளராக வேலை செய்தவர். இங்கே சீன வணிகர்களின் விவாதக் கழகம் ஒன்றில் அவர் பேசப் போனார். பேசியது வானவியலைப் பற்றி. அதைக் கேட்ட வணிகர் டான் கியோங் சாய்க் தனக்கு ஆங்கிலம் சொல்லித் தரும்படி கேட்டார். அந்த உறவு வளர்ந்து, வணிகர்களின் ஆதரவோடு 1886 மார்ச் முதல் தேதி அமோய் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் 13 மாணவர்களோடு ஒரு பள்ளி தொடங்கியது. அதுவே ஆங்கிலோ சைனீஸ் பள்ளி. தனக்குத் தெரிந்ததைக் கேட்டவருக்குக் கொடுத்தார் ஓல்ட்ஹாம். மற்றவை அதைத் தொடர்ந்து வந்தன.

நம் நாட்டில் சமயங்களுக்கிடையிலான அமைப்பு 1949இலிருந்தே இயங்குகிறது. தொகுதி அளவில் இன, சமய நல்லிணக்கக் குழுக்களும் இருக்கின்றன. அவற்றின் கூட்டங்களுக்குச் சபையிலிருந்து ஒருவரை அனுப்புங்கள். வீட்டளவில் அதைவிடச் சுலபம்: தீபாவளிக்கு எதிர்வீட்டார் பலகாரத் தட்டு கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் வாங்குங்கள். கிறிஸ்துமஸ் வரை காத்திராமல் அடுத்த வாரமே தட்டை நிரப்பித் திருப்பிக் கொடுங்கள். மேடையிலோ வாட்ஸ்அப்பிலோ பிறர் தெய்வங்களைப் பழித்துப் பேசுவது பாவமும் கேடும் ஆகும். 1990இன் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் அதைச் சும்மா விடாது.

வெளிநாட்டு ஊழியர்களோடு உறவு வைக்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

அவர்களை "நம் ஊழியப் பகுதி" என்று நினைப்பதை விட்டுவிட்டுத் தொடங்குங்கள். அவர்கள் சபையின் அங்கம். அவர்களில் பாடகர்கள், போதகர்கள், கணக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

பலருக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. அன்றுதான் துணி துவைக்க வேண்டும், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும், தேக்காவில் சாமான் வாங்க வேண்டும், மனைவியோடு வீடியோவில் பேச வேண்டும். அந்த நாளின் மூன்று மணி நேரத்தைச் சபைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் அது பெரிய காணிக்கை. கூட்டத்தைச் சொன்ன நேரத்தில் முடித்துவிடுங்கள். விடுதிக்குத் திரும்பும் பஸ் தவறினால் மறுநாள் காலை ஷிஃப்டில் அதன் பாரம் தெரியும்.

இல்லப் பணிப்பெண்களாக இருக்கும் சகோதரிகளுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். வார ஓய்வு நாளுக்கு அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்குப் பதில் சம்பளம் கொடுத்து வேலை வாங்க இரு தரப்பும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து, மாதத்தில் ஒரு நாளையாவது கட்டாயம் ஓய்வாகவே கொடுக்க வேண்டும். அந்த ஒரு நாளில் வருகிற சகோதரியைச் சமையற்கட்டில் நிறுத்தாதீர்கள். உட்காரச் சொல்லித் தட்டில் போட்டுக் கொடுங்கள்.

உடல்நலம், சம்பளம், விபத்து இழப்பீடு போன்ற சிக்கல்களைச் சபை தனியாகத் தூக்கிச் சுமக்க முயல வேண்டாம். 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகள் இந்த வேலையை நன்கு அறிந்தவை. அவர்களிடம் அழைத்துப் போவதும் கூடவே உட்கார்ந்திருப்பதும் நம் பங்கு. 2020 ஏப்ரலில் கோவிட் பரவலால் விடுதிகள் மூடப்பட்டபோது, ஏற்கெனவே பெயரும் எண்ணும் தெரிந்து வைத்திருந்த சபைகளால்தான் மறுநாளே தொலைபேசியில் அழைத்து ஜெபிக்க முடிந்தது. மற்றவர்கள் எண்களைத் தேடவே நாட்கள் ஆயின.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பேச்சாளரை அழைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

சட்டம் முதலில். சுற்றுலாவாக வந்தவரை மேடையேற்றிப் பிரசங்கிக்க வைக்காதீர்கள். சமயம் குறித்துப் பேச வரும் வெளிநாட்டவருக்கு மனிதவள அமைச்சின் மிசலேனியஸ் ஒர்க் பாஸ் வேண்டும். அதன் காலம் அதிகபட்சம் 60 நாட்கள். இங்கே பதிவுபெற்ற அமைப்பு ஒன்று அவருக்காக விண்ணப்பிக்க வேண்டும். "சும்மா சாட்சி சொல்வார்" என்று சமாளிப்பது அவரையும் சபையையும் சிக்கலில் மாட்டிவிடும். ஒருவரைக் கனம்பண்ணுகிறோம் என்று அழைத்துவிட்டுக் குடிநுழைவுச் சோதனையில் தலைகுனிய வைக்கலாமா?

அடுத்தது, அவர் வருவதைப் பிற சபைகளுக்குச் சொல்லுங்கள். ஒருமுறை நாங்கள் அழைத்த அதே வாரத்தில் இன்னொரு சபையும் தன் ஆண்டுக் கூட்டத்தை வைத்திருந்தது. கேட்டிருந்தால் ஒரு வாரம் தள்ளியிருப்போம். கேட்கவில்லை. இரண்டு மண்டபமும் பாதி காலியாக இருந்தன, போதகர்கள் இருவரும் சில மாதங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை.

விருந்தினரை விமான நிலையத்தில் யார் அழைப்பது, எங்கே தங்க வைப்பது, என்ன சாப்பிடுவார், மருந்து எதுவும் எடுக்கிறாரா என்பதை முன்பே எழுதி வையுங்கள். காணிக்கைக் கவரை எல்லோர் முன்னாலும் நீட்டாமல் தனியே கொடுங்கள். ஒரு பிற்பகல் அவரைத் தூங்க விடுங்கள். நாளுக்கு மூன்று கூட்டமும் இடையில் வீடு சந்திப்பும் என்று பிழிந்து அனுப்புவதை உபசரிப்பு என்று சொல்லக் கூடாது.

வெளிநாட்டு ஊழிய அமைப்போடு இணையலாமா? பணம் அனுப்பலாமா?

இணைவதற்கு முன் உங்கள் சபை நிர்வாகக் குழுவிடம் பேசுங்கள். சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத் திருத்தங்கள் 2022 நவம்பரில் நடப்புக்கு வந்த பிறகு, சமய அமைப்புகள் தங்கள் வெளிநாட்டுத் தொடர்புகளையும், ஒரே தவணையில் வரும் 10,000 வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட வெளிநாட்டு நன்கொடைகளையும் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட, அறக்கொடை ஆணையரின் அனுமதி தேவை. உங்கள் தனிப்பட்ட வங்கிக் கணக்கில் வாங்கி அனுப்பும் வேலையே வேண்டாம்.

எல்லோருடைய எண்ணையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டால் என்ன?

கேட்காமல் சேர்க்காதீர்கள். வரவேற்பு அட்டையில் ஒருவர் எண் எழுதிக் கொடுத்தால், அதை எதற்குப் பயன்படுத்துவோம் என்று அந்த அட்டையிலேயே சொல்ல வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சபைகளுக்கும் பொருந்தும். சட்டப்படி அவசியமோ ஒருவரின் அடையாளத்தைத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய தேவையோ இல்லாமல் அடையாள அட்டை எண்ணை வாங்குவதற்கு 2019 செப்டம்பரிலிருந்தே இடமில்லை. முகாம் பதிவுப் படிவங்களில் இன்னும் அந்தக் கட்டம் இருந்தால் நீக்கிவிடுங்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய நோயையோ குடும்பச் சண்டையையோ குழுவில் போடுவது அவரை அம்பலப்படுத்துவது ஆகும். அவரே சொல்லச் சொன்னால் மட்டும் போடுங்கள்.

வேறு சபையைச் சேர்ந்தவர் எங்கள் சபைக்கு வர விரும்புகிறார். சேர்த்துக்கொள்ளலாமா?

அவரிடம் முதலில் கேளுங்கள்: "உங்கள் போதகருக்குத் தெரியுமா?" தெரியாது என்றால், அவர் சம்மதத்தோடு நீங்களே அந்தப் போதகரைத் தொலைபேசியில் அழையுங்கள். அந்த இரண்டு நிமிட அழைப்புக்குத் துணியாமல் போனதால் உடைந்த நட்புகள் பல. அவர் அங்கே துன்புறுத்தப்பட்டிருந்தால் கதை வேறு. அப்போது அவருடைய பாதுகாப்பு முதலில், பழைய போதகரின் மனம் பிறகு. மற்றபடி, பிறர் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டாமலிருக்கப் பவுல் எடுத்துக்கொண்ட கவனம் நமக்கும் வேண்டும்.

ஊரையும் சொந்தத்தையும் விசாரிப்பது நம் பழக்கம். அதில் தவறு உண்டா?

"எந்த ஊர்?" என்று கேட்பது பரிவாக இருக்கலாம். ஊர், தெரு, தாத்தா பெயர் என்று இறங்கிச் சாதியைத் தோண்டுவதற்காகக் கேட்டால் அது கிறிஸ்துவின் மேசையில் விஷம். கடல் கடந்து வந்தும் சிலர் திருமணப் பேச்சிலும் பொறுப்புக் கொடுப்பதிலும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தினவனுக்குக் கால்படி அருகே இடமும் கொடுப்பதை யாக்கோபு கண்டிக்கிறார். சாதி பார்ப்பதும் அதே குற்றம். இதில் எனக்கு நடுநிலை கிடையாது.

பெண் ஊழியர்களைக் கனம்பண்ணுவதில் நாம் எங்கே தவறுகிறோம்?

பெயரில். "பாஸ்டர் அம்மா", "மூப்பர் மனைவி" என்று அழைத்து அழைத்து, சொந்தப் பெயரே தெரியாமல் இருக்கிறோம். ரோமர் 16இன் முதல் பெயர் பெபேயாள், கெங்கிரேயா ஊர்ச் சபைக்கு ஊழியக்காரி. நிருபத்தை ரோமாபுரிக்குக் கொண்டுபோனவர் அவரே என்று பரவலாகக் கருதப்படுகிறது. அழைப்பிதழில் பெண்களின் பெயரை அச்சிடுங்கள். சமையல், பாலர் வகுப்பு என்ற இரண்டைத் தாண்டி நிர்வாகக் குழுவிலும் அவர்களுக்கு நாற்காலி போடுங்கள்.

ஒருவரோடு மனஸ்தாபம் வந்துவிட்டது. உறவு அவ்வளவுதானா?

பவுலும் பர்னபாவும் மாற்குவை முன்னிட்டுக் கடுமையாகப் பிரிந்தார்கள். ஆண்டுகள் கழித்து, அதே மாற்குவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதுகிறார். ஆகவே காலம் கொடுங்கள். இதற்கிடையே அவரைப் பற்றி மூன்றாமவரிடம் பேசாமல் இருந்தாலே பாதி வழி திறந்திருக்கும்.

எனக்குக் கூச்ச சுபாவம். கூட்டத்தில் நின்று பேசத் தெரியாது.

பேசத் தெரிந்தவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். துக்க வீட்டுக்குப் போங்கள். நல்ல காரியத்துக்குப் போகாவிட்டாலும் கெட்ட காரியத்துக்குப் போய் நிற்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருக்கும் இரவுகளில், பதினொரு மணிக்கு மேல் கூட்டம் கலைந்துவிடும். அந்த நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வேர்க்கடலைத் தட்டின் பக்கத்தில் ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு வாருங்கள். மறுநாள் தகனத்துக்கு மண்டாய்க்கோ அடக்கத்துக்குச் சுவா சூ காங்கிற்கோ போகும் பஸ்ஸில் ஏறுங்கள். என் தந்தை இறந்தபோது அப்படி வந்து உட்கார்ந்த ஒருவரின் சபைதான் இன்று எங்களுக்கு மிக நெருக்கமான சபை. அவர் அன்று பேசியது "சாப்பிட்டீர்களா?" என்ற ஒரு சொல்.

வேலை முடிந்து ஊர் திரும்புகிறவர்களோடு உறவு நீடிக்குமா?

சிங்கப்பூர் எண் சில வாரங்களில் செயலிழந்துவிடும். எனவே புறப்படும் முன்பே ஊர் எண், மனைவி அல்லது பெற்றோரின் எண், ஊர்ச் சபையின் பெயர் மூன்றையும் வாங்கி வையுங்கள். திரும்பிப் போனதும் முதல் சில மாதங்கள் கடினமானவை. பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், கையில் வேலை இருக்காது, ஊர்ச் சபையில் அவருடைய இடத்தில் வேறொருவர் இருப்பார். அந்த நேரத்தில் மாதம் ஒரு அழைப்பு போதும்.

கூடவே ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுங்கள். பெபேயாளுக்குப் பவுல் கொடுத்ததும் அதுதான். "நல்லவர், விசுவாசமுள்ளவர்" என்று பொதுவாக எழுதினால் அது யாருக்கும் உதவாது. கடந்த ஆண்டு ஒரு சகோதரருக்கு நாங்கள் எழுதியதில் இப்படி இருந்தது: ஐந்து ஆண்டுகள் எங்கள் பாடகர் குழுவில் பாடினார், விடுதியில் புதன் இரவு ஜெபக்குழுவை இருவரோடு தொடங்கி இருபது பேராக்கினார், ஞாயிறுதோறும் நாற்காலி போட்டார், பாலர் வகுப்பில் களிமண்ணில் பேழை செய்யக் கற்றுக்கொடுத்தார். போதகர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அவர் சமையற்கட்டுக்குள் போனார். அங்கே ஞாயிறுதோறும் தனக்கு மீதிச் சோற்றைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய அக்காவிடம் பேனாவை நீட்டி, அவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவர் பெயருக்கும் மேலே இருந்த இடத்தில் அந்த அக்கா தன் பெயரை எழுதினார்.